கதவில் சாய்ந்து உட்கார்ந்த கம்பவுண்டரம்மா

போன வியாழக்கிழமை காலை நான் தறியில் இருந்தேன். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

“ஏகாம்பரம், கம்பவுண்டரம்மா தவறிட்டாங்களாம்பா. விடியகாலைல, தூக்கத்துலயே.”

கையிலிருந்த தறி நாடா நழுவி விழுந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். விழவில்லை. இன்னும் நாலு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாடாவை ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்தது. முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். கால் இரண்டும் தறிக்குழிக்குள் அப்படியே நின்றுவிட்டன. இனிமேல் பயம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வேன் என்ற பயம் அது. பேரன் எடுத்த ஆள் இப்படி எழுத வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் அம்மாவைப் பற்றிப் பயத்தை மறைத்துவிட்டு எழுதினால், அது வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும்.

மரகதம் அம்மாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அவருடைய கணவர் கம்பவுண்டராக இருந்தார். அவர் காலமான பின், கருணை அடிப்படையில் அம்மாவுக்கு அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. டாக்டருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பார், மாட்டைப் பிடித்துக்கொள்வார், கோழிக்குச் சொட்டு மருந்து விடுவார், சீட்டு எழுதுவார். உத்தியோகத்தின் பெயர் என்னவோ, ஊருக்கு அவர் கம்பவுண்டரம்மா. குள்ளமான உருவம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். அதற்குள் உருட்டி வைத்த தயிர்சாத உருண்டைகள். அது அவருடைய மதியச் சாப்பாடு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

மாட்டையும் ஆட்டையும் ஓட்டி வருகிறவர்கள் டாக்டரைத் தேடுவார்கள். யாரைக் கண்டாலும் பாய்கிற நாய், நிழல் அசைந்தாலும் கத்துகிற நாய், நேற்றுவரை மடியில் படுத்துவிட்டு இன்று உறுமுகிற நாய், இவற்றை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் அம்மாவைத் தேடுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் ஜிம்மி இருந்தான். செவலை நிறத் தெருநாய். குட்டியாக மழையில் நடுங்கிக்கொண்டிருந்தவனை என் மனைவி சாந்தா முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தாள். ஒரு வயதுவரை அவனைப் போல் சாது கிடையாது. ஒரு தீபாவளியன்று தூறல் போட்டது. நான் குடையை விரித்துக்கொண்டு வாசலில் இறங்கிய அதே நேரத்தில், தெருவில் யாரோ பற்றவைத்த சரவெடி அவன் படுத்திருந்த படிக்குப் பக்கத்தில் வந்து வெடித்தது. அவன் எதைப் பார்த்தான், எதைக் கேட்டான் என்று எனக்குத் தெரியாது. குடை விரிந்தால் வெடி வெடிக்கும் என்று மட்டும் அவன் மனசில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் குடை விரித்தாலும் ரோமம் சிலிர்த்து, பல் எல்லாம் தெரிய, குரல் கிழியக் கத்துவான்.

வேறு ஊராக இருந்தால் மழைக்காலத்தை மட்டும் சமாளித்தால் போதும். காஞ்சிபுரத்தில் சாமிக்கும் குடை உண்டு. உற்சவம் இல்லாத மாதத்தை எண்ணிச் சொல்வது கஷ்டம்.

அந்த வைகாசியில் சாமி எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது ஜிம்மியின் கயிற்றை நான் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். கரண்ட் கம்பிக்காகச் சாய்த்திருந்த வெள்ளைக் குடையை, எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் நிமிர்த்தினார்கள். அவ்வளவுதான். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. குடை பிடித்திருந்த வரதன்சாமியின் கெண்டைக்காலில் ஜிம்மியின் பல் இறங்கியது. குடை சாய்ந்து, பக்கத்து வீட்டுக் கூரையில் இடித்து நின்றது. மேளம் நின்றுவிட்டது. தெரு முழுக்க ஜனம். ஜிம்மி குரைப்பது மட்டும் கேட்டது.

எங்கள் தெரு நாட்டாண்மை நல்ல மனிதர். மாலையில் வீட்டுக்கு வந்து, நின்றபடியே பேசினார்.

“ஏகாம்பரம், உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆவணியில மறுபடியும் சாமி வருது. அன்னிக்கி இந்த நாய் தெருவுல கால் வெச்சுதுன்னா, நானே நாய் வண்டிய கூப்ட்டு ஏத்தி வுட்டுடுவேன். அப்புறம் என்ன கேக்கக் கூடாது.”

நாய் வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நான் தலையை ஆட்டினேன். சாந்தா உள்ளே ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆவணி தூரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நாளில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி. வரதன்சாமிக்குத் துணையாக நானும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. “நாய்க்கு என்னய்யா தெரியும். ஊசிதான் ஓய், உயிர் போறது” என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜிம்மிக்கு வெறி இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று சொன்னார்கள். கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். மேஜைக்குப் பின்னால் மரகதம் அம்மாள் இருந்தார். நான் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“நீ சாப்ட்டியாபா?”

“நாய்க்கும்மா…”

“நாய்க்கு அப்புறம். கயிறு புடிக்கிற கைக்கி மொதல்ல. எப்ப சாப்ட்ட?”

எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு இட்லி வாங்கி வரச்சொல்லி, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் ஜிம்மி எங்கே தூங்குகிறான், என்ன தின்கிறான், எந்தப் பக்கமாகத் தலையைச் சாய்க்கிறான் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. என் வீட்டு நாயைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும் என்பது அன்று தெரிந்தது.

அந்தப் பத்து நாளும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வர மாட்டார். வாசல் ஓரமாக, நாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கடைக்கண்ணால் பார்ப்பார். ஒரு நாளும் ஜிம்மியைத் தொட்டதில்லை. அது அவருடைய வைத்தியமுறை என்று நான் நினைத்துக்கொண்டேன். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் நடுங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், நான் மணிக்கொரு தரம் ஜிம்மிக்கு முன்னால் கிண்ணத்தை வைத்து, அவன் நக்குகிறானா என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் அவன் மூக்கைத் திருப்பிக்கொண்டான். வரதன்சாமியின் முகம் முன்னால் வந்து நின்றது. அம்மா வந்தபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“தண்ணி குடிக்க மாட்றான்மா.”

“காலைலருந்து எத்தினி வாட்டி வெச்ச?”

“பத்து இருக்கும்.”

“பத்து வாட்டி வெச்சா ஏரிக்குக்கூட தாகம் எடுக்காதுப்பா. கிண்ணத்த வெச்சுட்டு நீ தூரப் போ.”

தூரப் போனேன். கொஞ்ச நேரத்தில் சப் சப்பென்று சத்தம் கேட்டது. வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தம் எதையும் நான் கேட்டதில்லை. பத்தாம் நாள் கழிந்ததும் வரதன்சாமி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் தெருவில் நின்று சின்னப்பிள்ளைகள் மாதிரி அழுதோம்.

வெறி இல்லை. ஆனால் ஆவணி வரத்தான் போகிறது. “இனிமேதான் வேலையே இருக்குது” என்றார் அம்மா.

அவர் முதலில் கண்டுபிடித்தது ஜிம்மியின் காது. வாசலில் இருந்தபடியே, அவன் இடது பக்கமாகத் தலையைச் சாய்ப்பதையும் அந்தக் காதை மட்டும் சொறிவதையும் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் காட்டினால் உள்ளே சீழ். “காது வலிக்கிறவனுக்கு மேளம் எப்பிடி கேட்டிருக்கும், நெனச்சுப் பாரு” என்றார். மருந்து விட்டோம். மிச்சச் சாம்பார் சாதத்தை நிறுத்தச் சொன்னார். தறிக்குப் பக்கத்தில் இருந்த அவன் படுக்கையைச் சமையலறை மூலைக்கு மாற்றச் சொன்னார். “நாள் முச்சூடும் தடக் தடக்குன்னு தறி ஓடுனா அவன் எப்பத்தான் தூங்குவான்? தூக்கம் கெட்டா நீகூடத்தான் சாந்தா மேல பாயற.” சாந்தா உள்ளேயிருந்து “நல்லா சொல்லுங்கம்மா” என்றாள். என் கையையும் விடவில்லை. நான் கயிற்றை முறுக்கிப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, “தறியில இழைய இப்பிடியா புடிப்ப? அறுந்துடும்னு நெனச்சுக்கினு புடி” என்றார். அதற்குப் பின்தான் என் நடுக்கம் கயிறு வழியாக அவனுக்குப் போவது நின்றது.

பிறகு குடை. அம்மா தம்முடைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்தார். முதல் வாரம் அதை மடக்கி, தெருக்கோடியில் ஒரு கல்லில் சாய்த்து வைத்தார். ஜிம்மி அதைப் பார்ப்பான். குரைப்பதற்கு முன்னால் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தால், உடனே தயிர்சாத உருண்டை. குரைத்துவிட்டால் திட்டக்கூடாது. “நாமதான் கிட்டக்க கொண்டாந்துட்டோம்” என்று சொல்லி, குடையைப் பத்தடி பின்னால் வைப்பார். அந்த டப்பா எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாரத்துக்குப் பத்தடி முன்னால் வரும். சில வாரம் இருபதடி பின்னால் போகும். ஆனியும் போய் ஆடியும் வந்தது. ஆடிக் கடைசியில், நாலு வீடு தள்ளி அம்மா குடையை விரிக்க, ஜிம்மி அதைப் பார்த்தான், நடுங்கினான், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். சாந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி சாமி வந்தாலும் வாசலில் நிற்க வைக்கலாமா என்று கேட்டேன். அம்மா முகம் மாறியது.

“அந்த ஆச வேணாம். இது என் கொட. அது சாமி கொட, மேளம், வெடி, ஆயிரம் ஜனம். அவன் ஜெயிக்க வேணாம்பா, தப்பிச்சா போதும். அன்னிக்கி அவன் ஊர்லயே இருக்கக் கூடாது.”

தாமலில் சாந்தாவின் அக்கா வீடு இருக்கிறது. ஏரிக்கரைக்குப் பக்கம், குடையும் மேளமும் எட்டாத இடம். உற்சவத்தன்று சாந்தா முதல் பஸ்ஸில் போய்விட வேண்டும். ஆட்டோவில் நானும் ஜிம்மியும் பின்னாலேயே போக வேண்டும். எல்லாம் பேசி முடித்தாயிற்று.

அன்று காலை சாந்தா கிளம்பிப் போனதும், தறியைப் பார்த்தேன். முந்தியில் ஒரு சாண்தான் பாக்கி. அதை நெய்து புடவையை அறுத்துவிட்டால் மனசு நிம்மதியாக இருக்கும். சாமி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நெசவுக்காரனுக்குப் பாக்கி ஒரு சாணைப் பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது, அது எங்கள் வியாதி. ஜிம்மியைப் பின்கட்டில் கிணற்றடித் தூணில் கட்டினேன். கயிறு நிழல்வரை எட்டவில்லை. இன்னொரு துண்டுக் கயிற்றை எடுத்து அதோடு முடிந்தேன். எந்த முடிச்சு? இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. இருபது வருஷமாக என் விரல்கள் யோசிக்காமல் போடுகிற முடிச்சு. பட்டு இழையில் அது அவிழவே அவிழாது. வழுவழுப்பான நைலான் கயிற்றில், இழுத்துத் தளர்த்தி, இழுத்துத் தளர்த்தி ஆட்டினால் அது என்ன ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

நாங்கள் கிளம்பிவிட்டோமா என்று பார்க்க அம்மா வந்தார். தறிச்சத்தம் கேட்டதும் உள்ளே வந்துவிட்டார்.

“இன்னும் கெளம்பலியா நீ? நாய் எங்க?”

“பின்னாடி கட்டி வெச்சிருக்கேன்மா. ஒரு சாண்தான் பாக்கி.”

“பொடவ எங்கியும் ஓடிப்போவாது ஏகாம்பரம். எழுந்திரு.”

கையிலிருந்த டப்பாவைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆட்டோ வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனார். அப்போது தெருமுனையில் மேளம் கேட்டது. அன்றைக்குச் சாமி சீக்கிரம் புறப்பட்டுவிட்டதாம். பின்கட்டில் ஜிம்மி கத்த ஆரம்பித்தான். கத்தல் நின்றது. கயிறு தரையில் இழுபடுகிற சத்தம், சமையலறையைத் தாண்டி, வந்துகொண்டே இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். எழ முடியவில்லை. கால் குழிக்குள் மரத்துவிட்டது. ஜிம்மி தறியில் விரித்திருந்த பாவு நூலுக்கு மேலே தாவிக் குதித்து என் தோளை உரசிக்கொண்டு போனான். திறந்த வாசலுக்கு வெளியே வெள்ளைக் குடை தெரிந்தது. வாசலில் அம்மா மட்டும் இருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். வெளியே போய்த் தப்பித்திருக்கலாம், ஒரு எட்டுதான். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு அந்தக் கதவில் தோளைச் சாய்த்து, பக்கவாட்டாக, தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜிம்மி அவர் தலைக்கு மேல் இரண்டு முன்னங்காலையும் கதவில் வைத்து, மரத்தைப் பிறாண்டிக் கத்தினான். அவன் எச்சில் அவருடைய தலைமயிரில் வழிந்தது. மேளம் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. அவனுடைய பல்லுக்கும் அவருடைய காதுக்கும் நடுவில் நாலு விரல்கடை இருந்திருக்கும். அவரை அவன் கடித்துக் குதறுவதைப் பார்க்கப் போகிறேன் என்றே நினைத்தேன். அப்போது அவர் குரல் கேட்டது. மெதுவாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது மாதிரி.

“ஏகாம்பரம். அவன திட்டாத. கத்தாத. மூச்ச வுடு. எனக்குக் கேக்கற மாதிரி வுடு.”

விட்டேன். வாயைத் திறந்து, சத்தமாக விட்டேன். மறுபடி விட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஜிம்மியின் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அவன் கதவைப் பார்த்தான். கீழே அம்மாவைப் பார்த்தான். பிறகு, நடுங்கிக்கொண்டே, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

மூன்று மாதமாக நாங்கள் காத்திருந்த பார்வை அது. டப்பாவைத் திறக்கத் தெரியாமல் திறந்து உருண்டைகளை வீசினேன். அவன் இறங்கி வந்தான். மேளம் நகர்ந்து, அடுத்த வீட்டுக்குப் போய், தெரு திரும்பி, ஓய்ந்தது.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அம்மா எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“எனக்கு நாய்னா பயம் ஏகாம்பரம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கெண்டைச் சதையில் ஒரு பள்ளம். ஒன்பது வயதில், தென்னேரியில், ஏரிக்கரையில் வாங்கிய கடி. பதினாலு ஊசி.

“மாட்டுக்கு பயமில்ல. பாம்புகூட பரவால்ல. எதிர்க்க நாய் வந்தா இன்னிக்கும் வேற தெருவுல பூந்து போயிடுவேன். அவர் போனப்புறம் வேற வேல கெடைக்கல, இதான் குடுத்தாங்க.”

“அப்புறம் எப்பிடிம்மா இத்தினி வருசமா…”

“பயந்தவதான்பா நல்லா பாப்பா. அதோட காது எங்க இருக்குது, எத பாக்குது, எப்ப மூச்ச நிறுத்துது, எல்லாம் பாத்துக்கினே இருக்கணும், இல்லன்னா கடி. அப்பிடி பாத்துக்கினு இருந்ததுல ஒருநாள் தெரிஞ்சுது, அதுவும் என்ன மாதிரியேதான் நம்மள பாத்துக்கினு இருக்குதுன்னு.”

அவர் ஏன் பக்கவாட்டில் உட்காருவார், ஏன் வாசலைத் தாண்ட மாட்டார், ஏன் ஒரு நாளும் ஜிம்மியைத் தொடவில்லை என்பதெல்லாம் அப்போது விளங்கியது. வைத்தியமுறை என்று நான் நினைத்ததில் பாதி, அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது. “யார்கிட்டயும் சொல்லாத, ஆபீஸ்ல சிரிப்பாங்க. நான் போனப்புறம் வேணா சொல்லிக்கோ” என்றார். அந்த அனுமதியில்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும்போது அவிழ்ந்த கயிற்றை எடுத்துப் பார்த்தார்.

“இன்னா முடிச்சு போட்ட?”

“இழை முடிச்சும்மா.”

“நாய கட்டச் சொன்னா நூல கட்டி வெச்சிருக்க” என்று சொல்லி, மாட்டுக்குப் போடுகிற முடிச்சை, இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைத் திருப்பி உள்ளே விடுகிற முடிச்சை, மூன்று தடவை என்னைப் போடவைத்துவிட்டுத்தான் போனார். ஜிம்மி தெருவில் கால் வைக்கவில்லை. நாட்டாண்மையும் வண்டியைக் கூப்பிடவில்லை.

ஜிம்மி அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தான். ஒவ்வொரு உற்சவத்துக்கும் முதல் நாளே தாமலுக்குப் போய்விடுவான். கடைசிவரை அவன் குடைக்குப் பயந்தான், அம்மா அவனுக்குப் பயந்தார், நான் இரண்டு பேருக்காகவும் பயந்தேன். ஆனால் யாரும் கடிபடவில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வாத்தியார் வீட்டு நாய், அவர் பேத்தி தவழ ஆரம்பித்ததும் உறுமத் தொடங்கியது. விஷம் வைத்துவிடலாமா என்று அந்த வீட்டில் பேச்சு வந்தபோது வரதன்சாமிதான் அவர்களை அம்மாவிடம் அனுப்பினார், கடிபட்ட அதே வரதன்சாமி. அங்கேயும் அம்மா முதலில் கேட்டது நாயைப் பற்றி இல்லை. அந்த வீட்டு மருமகள் பிரசவத்துக்குப் பிறகு தூங்குகிறாளா என்று கேட்டாராம். இப்படி எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாது. எல்லா வீட்டு வாசலிலும் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

போன பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது உடம்பு மெலிந்திருந்தார்.

“நான் போனா மேளம் வேணாம், வெடி வேணாம்பா. தெருவுல இருக்கிற நாய்ங்க ஒடுங்கிப்போவும். என் தம்பி தடபுடலா செய்யணும்னு நிப்பான். நீதான் சொல்லணும்.”

“நானாம்மா?”

“நீதான். பயமாத்தான் இருக்கும். பயந்துக்கினே சொல்லு.”

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, மேளக்காரர்கள் தெருமுனையில் நெருப்பு மூட்டி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மூட்டைச் சரவெடி. அம்மாவின் தம்பி வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தார். ஆஜானுபாகு. குரலும் அப்படி. பாடை கட்ட ஆள் கேட்டார்கள். நான் உட்கார்ந்தேன். விரல்கள் பழக்கத்தில் இழை முடிச்சைப் போட்டன. அவிழ்த்துவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைத் திருப்பி உள்ளே விட்டுக் கட்டினேன். கட்டி முடிக்கும்வரை நேரத்தைக் கடத்தினேன் என்பதும் உண்மை. பிறகு எழுந்து தம்பியிடம் போனேன்.

“ஐயா, மேளமும் வெடியும் வேணாம்னு அம்மா சொன்னாங்க.”

அவர் கண் சிவந்தது. “எங்க அக்காவ அனாதப் பொணமாட்டம் எடுத்துக்கினு போவச் சொல்றியா? யார்யா நீ?”

கூட்டம் திரும்பியது. ஓடிவிடலாமா என்று இருந்தது. வாயைத் திறந்து, சத்தமாக ஒரு மூச்சு விட்டேன்.

“அம்மாவுக்கு நாய்னா பயம்ங்க. மேளம் அடிச்சா நாய்ங்க பயப்படும், கத்தும், பின்னாடியே வரும். கடைசியா போறப்பவாவது அவங்க பயமில்லாம போவட்டும்.”

மருந்தகத்தில் வேலை பார்த்தவர்கள் “கம்பவுண்டரம்மாவுக்கு நாய் பயமா?” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி திரும்பி நடந்தார். அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தார். யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

“அந்த ஏரிக்கரை நாய் என்னத்தான் தொரத்திக்கினு வந்துது. அக்காதான் குறுக்க வந்து வுழுந்துச்சு. அப்ப எனக்கு நாலு வயசு.”

பிறகு எழுந்து போய், மேளக்காரர்களிடம் கைகூப்பி, மரியாதையாக அனுப்பிவைத்தார். வெடி மூட்டையைத் தாமே தூக்கி உள்ளே போட்டார்.

அன்று அம்மாவை நாங்கள் சத்தமில்லாமல் எடுத்துப் போனோம். செருப்பில்லாத கால்களின் ஓசை மட்டும் இருந்தது. நானும் ஒரு தோள் கொடுத்தேன். வழியில் இறைச்சிக்கடை ஓரம், டீக்கடை பெஞ்சுக்கு அடியில், குப்பைத்தொட்டி நிழலில் என்று தெருவுக்குத் தெரு நாய்கள் படுத்திருந்தன. பழக்கம் விடவில்லை, ஒவ்வொன்றின் காதையும் வாலையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டது. இன்னொன்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அம்மா, ஒரு நாயும் எழுந்திருக்கவில்லை. பயப்படாமல் போய் வாருங்கள்.